வியட்நாமில் அடிபட்டவர்கள் பினாங்குக்கு வந்தது ஏன்? பட்டர்வொர்த் ராணுவ மருத்துவமனையின் கதை

ஜோர்ஜ்டவுனிலிருந்து பெர்ரியில் பட்டர்வொர்த்துக்கு வரும்போது, சில நாள்களில் தலைக்கு மேலே காதைப் பிளக்கிற சத்தத்தோடு ஒரு போர் விமானம் போகும். பக்கத்தில் நிற்கிற பெரியவர் யாராவது அண்ணாந்து பார்த்து, "பேஸ்ல இருந்து கிளம்பிருச்சு" என்பார். பினாங்குக்காரர்களுக்கு 'பேஸ்' என்றால் அது ஒன்றுதான்: பெருநிலத்தில், கடலோரமாக இருக்கும் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம்.

அந்தத் தளத்துக்குள் ஒரு காலத்தில் ஒரு மருத்துவமனை இருந்தது. பெயர், நான்காம் எண் ஆர்.ஏ.ஏ.எஃப் மருத்துவமனை. ஆர்.ஏ.ஏ.எஃப் என்பது ஆஸ்திரேலிய அரச விமானப்படையின் சுருக்கப் பெயர். வியட்நாம் போரில் குண்டடி பட்டவர்கள், கண்ணிவெடியில் காலை இழந்தவர்கள், மலேரியாவில் துவண்டு போனவர்கள் என ஆஸ்திரேலிய வீரர்கள் ஊர் திரும்பும் வழியில் தங்கிச் சிகிச்சை பெற்ற இடம் அது.

ஒரு நிமிஷம். வியட்நாம் போரில் மலேசியா கலந்துகொள்ளவே இல்லையே? அப்புறம் எப்படி அந்தப் போரில் காயமடைந்தவர்கள் நம்ம ஊருக்கு வந்தார்கள்? அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சிப்பாய்களில் தொடங்கிய கதை

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியபோதே அவருடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களும் வந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் காவலுக்குச் சென்னை ராணுவத்தின் காலாட்படைப் பிரிவுகள் மாறி மாறி வந்தன. மதராஸ் மாகாணத்தில் ஆள் எடுத்த படை என்பதால் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் அதில் நிறையப் பேர். இன்றைக்கும் பினாங்குப் பொது மருத்துவமனைப் பக்கம் போனால் 'சிப்பாய் லைன்ஸ்' என்ற சாலைப் பெயரைப் பார்க்கலாம். சிங்கப்பூரிலும் இதே கதைதான்: அங்குள்ள பொது மருத்துவமனை 1882இல் குடியேறிய இடத்துக்கும் சிப்பாய் லைன்ஸ் என்றே பெயர்.

அந்தக் காலத்துப் படைகளுக்கு எதிரியைவிடக் காய்ச்சல்தான் பெரிய எதிரி. லைட்டே 1794இல் மலேரியாவில்தான் இறந்தார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897இல். அதுவரை எல்லோரும் குற்றம் சாட்டியது சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் 'கெட்ட காற்றை'. அதனால்தான் நோயுற்ற ஆங்கிலேய அதிகாரிகளைப் பினாங்குக் கொடிமலைக்கு அனுப்பினார்கள். இன்று நாம் ரயிலில் ஏறி செல்ஃபி எடுக்கும் அந்த மலை, முதலில் உடம்பு தேறப் போகிற இடம். சிப்பாய்க்கு அந்தக் குளிர்காற்று கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். யாரையாவது "சரியான எம்டன்யா அவன்" என்று வீட்டில் திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? அந்தச் சொல்லுக்கும் பினாங்குக்கும் தொடர்பு உண்டு. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னையைக் குண்டு போட்டுக் கலங்கடித்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர்தான் எம்டன். அதே கப்பல் அக்டோபர் 28ஆம் தேதி விடிகாலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, நங்கூரமிட்டு நின்ற ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. அதில் இறந்தவர்கள் சுமார் 90 பேர், காயமடைந்தவர்கள் 140க்கும் மேல். ஊருக்குள் போரே இல்லாத ஒரு காலையில், எங்கோ இருந்து வந்த போர் ஒன்றின் காயங்களைப் பினாங்கு சுமக்க வேண்டியதாயிற்று. கப்பலின் தலைவர் அந்த நேரத்தில் கரையில் இருந்தார். பிறகு அவர் ராணுவ நீதிமன்றத்துக்குப் போனது வேறு கதை.

1941 டிசம்பர்: மூன்று நாள்கள்

பட்டர்வொர்த் தளத்தை பிரிட்டிஷ் விமானப்படை திறந்தது 1941 அக்டோபரில். இரண்டே மாதத்தில் ஜப்பான் படையெடுத்து வந்துவிட்டது.

டிசம்பர் 9ஆம் தேதி, தாய்லாந்தின் சிங்கோராவில் இருந்த ஜப்பானியர்களைத் தாக்க பட்டர்வொர்த்திலிருந்து விமானங்கள் தயாராக நின்றன. முதலாவதாக மேலே கிளம்பியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப். அவர் எழும்பிய அடுத்த நொடிகளிலேயே ஜப்பானிய விமானங்கள் வந்து தளத்தில் நின்ற மற்ற விமானங்களை நாசமாக்கின. திரும்பி வந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் தனியாகவே போய் குண்டு போட்டார். திரும்பும் வழியில் படுகாயம். கூட இருந்த இருவர் அவரை இருக்கையில் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கினார்.

அலோர் ஸ்டார் மருத்துவமனையில் தாதியாக இருந்தவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். கணவருக்காகத் தன் ரத்தத்தையே கொடுத்தார். காப்பாற்ற முடியவில்லை. போர் முடிந்த பிறகு, 1946இல்தான் ஸ்கார்ஃபுக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. தைப்பிங் போர்க் கல்லறைக்குப் போனால் அவருடைய கல்லறையைப் பார்க்கலாம்.

டிசம்பர் 11ஆம் தேதி ஜோர்ஜ்டவுன் மேலேயே குண்டு விழுந்தது. விமானங்களைப் பார்த்ததும் ஓடி ஒளிய வேண்டும் என்று தெரியாமல், வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடி நின்ற மக்கள்மீது விழுந்தது. காயம்பட்டவர்களால் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. அடுத்த சில நாள்களில் பிரிட்டிஷ்காரர்கள் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற எல்லோரும் அப்படியே விடப்பட்டார்கள்.

விட்டுப் போன ஊரைக் கையில் எடுத்தவர்களில் முன்னால் நின்றவர் ஓர் இலங்கைத் தமிழர். ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். ஊரில் பாதுகாப்புப் படை எதுவும் இல்லை, இனிக் குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் ஜப்பானியர்களுக்குச் சொன்னார். பினாங்கு வரலாற்றுப் பாடத்தில் இவருக்கு இன்னும் கூடுதல் இடம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆஸ்திரேலியர்கள் எப்போது வந்தார்கள்?

போர் முடிந்தது. 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி தொடங்கி அவசரகாலம் வந்தது. 1957இல் சுதந்திரம் கிடைத்தபோது, புது நாட்டுக்குச் சொந்தமாக விமானப்படை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பிரிட்டனுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் போடப்பட்டது, ஆஸ்திரேலியாவும் அதில் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கட்டுமானப் படைப்பிரிவு பட்டர்வொர்த் ஓடுபாதையை ஜெட் விமானங்களுக்குத் தகுந்தபடி புதுப்பித்தது. 1958இல் தளத்தின் நிர்வாகம் ஆஸ்திரேலியர்கள் கைக்குப் போனது. அடுத்த 30 ஆண்டுகள் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். முதலில் சேபர் விமானங்கள், 1960களின் பிற்பகுதியிலிருந்து மிராஜ் விமானங்கள்.

படை மட்டும் வரவில்லை, குடும்பங்களும் வந்தன. பெரும்பாலானோர் குடியிருந்தது பினாங்குத் தீவில், தஞ்சோங் பூங்கா பக்கத்து வீடுகளில். பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம். வீட்டில் சமைக்கவும் குழந்தை பார்க்கவும் 'ஆமா' என்று அழைக்கப்பட்ட உள்ளூர்ப் பெண்கள். தளத்தில் சமையல், துப்புரவு, தோட்டம், அலுவலகம் என உள்ளூர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேலை இருந்தது. பிறையிலோ பாகானிலோ உங்களுக்கு உறவினர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்க. "எங்க தாத்தா ஆஸ்திரேலியாக்காரன்கிட்ட வேலை பார்த்தாரு" என்று யாராவது சொல்ல வாய்ப்பு உண்டு.

இத்தனை பேருக்கும் ஒரு மருத்துவமனை தேவைப்பட்டது. அப்படித்தான் நான்காம் எண் மருத்துவமனை உருவானது. அதன் அன்றாட வேலை என்ன தெரியுமா? பிரசவம், குழந்தைகளுக்குத் தடுப்பூசி, தொண்டை வலி, மோட்டார் சைக்கிளில் விழுந்த முட்டிக் காயம். பிறந்த இடம் பட்டர்வொர்த் என்று ஆவணத்தில் இருக்கிற ஆஸ்திரேலியர்கள் இன்றும் இருக்கிறார்கள். பினாங்குப் பாலம் திறந்ததே 1985இல்தான் என்பதை மறந்துவிடாதீங்க. அதற்கு முன்னால் தீவில் இருந்த ஒரு தாய்க்கு வலி எடுத்தால், இந்த மருத்துவமனைக்குக் கடலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

1965இல் ஆஸ்திரேலியா வியட்நாமுக்குக் காலாட்படையை அனுப்பியது. இந்தக் குடும்ப மருத்துவமனைக்கு இரண்டாவது முகம் வந்தது அப்போதுதான்.

காட்டிலிருந்து கட்டிலுக்கு

ஆஸ்திரேலியப் படை 1966 முதல் முகாமிட்டிருந்தது தென் வியட்நாமின் நுய் டாட் என்ற இடத்தில். கடலோர நகரமான வுங் டாவ் அதன் பின்தளம். காட்டில் ஒருவர் அடிபட்டால் முதலில் ஹெலிகாப்டர் வரும். 'டஸ்ட் ஆஃப்' என்பது அதற்கு வீரர்கள் வைத்திருந்த பெயர். அதில் வுங் டாவ் கள மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்வார்கள். ரத்தப்போக்கை நிறுத்தி உயிரைப் பிடித்து வைக்கும் வேலை அங்கே நடக்கும்.

ஆனால் கள மருத்துவமனையில் ஒருவரை மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. அடுத்த சண்டைக்குக் கட்டில் காலியாக வேண்டுமே. கொஞ்சம் தேறியதும் ஊருக்கு அனுப்ப வேண்டும். ஊரோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: வுங் டாவிலிருந்து பட்டர்வொர்த் ஆயிரம் கிலோமீட்டருக்கும் குறைவு. பட்டர்வொர்த்திலிருந்து சிட்னி 6,000 கிலோமீட்டருக்கும் மேல். இடையில் ஆஸ்திரேலியர்கள் சொந்தமாக ஓடுபாதை, டாக்டர், தாதி, மருந்து எல்லாம் வைத்திருந்த இடம் பட்டர்வொர்த்.

அதனால் ஏற்பாடு இப்படி அமைந்தது: சரக்கு ஏற்றிக்கொண்டு வியட்நாமுக்குப் போன ஹெர்குலிஸ் விமானங்கள், திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த்தில் இறங்கின. மருத்துவமனையில் ராத்தங்கல். கட்டு மாற்றுவது, சலவை செய்த விரிப்பில் படுக்க வைப்பது, வலிக்கு ஊசி, சூடாகச் சாப்பாடு. பயணத்தைத் தாங்குவார் என்று டாக்டருக்குத் தோன்றினால் மறுபடி விமானம். தாங்க மாட்டார் என்றால் இங்கேயே சில நாள் சிகிச்சை. கடைசியாக சிட்னிக்குப் பக்கத்தில் இருக்கும் ரிச்மண்ட் விமானத் தளம்.

'விமானத்தில் ஏற்றி அனுப்பினால் போச்சு' என்று நினைத்துவிடாதீர்கள். ஹெர்குலிஸ் ஒரு சரக்கு விமானம். அதன் வயிற்றுக்குள் படுக்கைகளை ரயில் பெர்த் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுவார்கள். நிரப்பினால் எழுபதுக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொள்ளும். என்ஜின் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப்பில் இதயத் துடிப்பைக் கேட்பதே பெரிய பாடு. மேல் பெர்த்தில் இருப்பவருக்கு ஒரு மாதிரி வெப்பம், கீழே இருப்பவருக்குக் குளிர்.

அதைவிடப் பெரிய சிக்கல் காற்றழுத்தம். விமானம் மேலே போகப் போக உள்ளே அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீங்களே, அதேதான். நெஞ்சுக்கூட்டுக்குள் கொஞ்சம் காற்று சிக்கியிருந்தால், அது விரிந்து நுரையீரலை நசுக்கிவிடும். குடலில் புதிதாகத் தையல் போட்டிருந்தால் தையல் பிரியலாம். மாவுக்கட்டுக்குள் கை கால் வீங்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், அதனால் கட்டை முன்கூட்டியே நீளவாக்கில் பிளந்து வைப்பார்கள். யாரை ஏற்றலாம், யாரை ஏற்றக் கூடாது, யாரைக் கழிப்பறைக்கு அருகில் படுக்க வைக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு தனிப் படிப்பு. நடுவழியில் ஒரு நிறுத்தம் இருந்தது எவ்வளவு பெரிய உதவி என்பது இப்போது புரியும். முதல் பறப்பில் யார் தாங்கினார், யார் தாங்கவில்லை என்பதை பட்டர்வொர்த்தில் வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த வேலையை நடத்தியவர்கள் விமானப்படையின் தாதிகள். விமானத்திலும் அவர்கள், வார்டிலும் அவர்கள். பகலில் தாய்மார் வார்டில் குழந்தையைக் குளிப்பாட்டிய அதே மருத்துவமனையில், மாலையில் இருபது வயதுப் பையன்களின் காயங்களைக் கழுவ வேண்டியிருந்தது. இருபது வயது என்று சும்மா சொல்லவில்லை. ஆஸ்திரேலியா அப்போது குலுக்கல் முறையில் இருபது வயது இளைஞர்களைக் கட்டாய ராணுவ சேவைக்கு எடுத்தது. ஒரு டப்பாவில் பிறந்த தேதி எழுதிய உருண்டைகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். உங்கள் பிறந்தநாள் வந்தால் நீங்கள் அழைக்கப்படுவீர்கள்.

சொந்தக் கண்ணிவெடி

காயங்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 1967இல் ஆஸ்திரேலியப் படைத் தலைமை, டாட் டோ என்ற இடத்திலிருந்து கடல் வரை சுமார் 11 கிலோமீட்டருக்கு ஒரு கண்ணிவெடி வேலி போட்டது. புதைத்தவை 20,000க்கும் மேல். மிதித்தால் இடுப்பு உயரத்துக்குத் துள்ளி எழும்பி வெடிக்கும் வகை. அந்த வேலியை இரவு பகல் காவல் காக்கப் போதுமான ஆள் இல்லை. வியட்காங் போராளிகள் ஆயிரக்கணக்கான வெடிகளைத் தோண்டி எடுத்தார்கள். எடுத்த வெடிகளை ஆஸ்திரேலியர்கள் நடக்கும் பாதையிலேயே புதைத்தார்கள்.

அதாவது, காலை இழந்து வந்தவர்களில் பலர் மிதித்தது தங்கள் நாட்டுப் படையே கொண்டுவந்து புதைத்த வெடியை. சுமார் 60,000 ஆஸ்திரேலியர்கள் வியட்நாமில் பணியாற்றினார்கள். இறந்தவர்கள் 500க்கும் மேல், காயமடைந்தவர்கள் 3,000க்கும் மேல்.

சரி, மலேசியா என்ன சொன்னது?

அதிகாரபூர்வமாக மலேசியா போரில் இல்லை. படை அனுப்பவில்லை. ஆனால் நடுநிலையாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. துங்கு அப்துல் ரஹ்மான் அரசாங்கம் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகவே இருந்தது. சொந்த நாட்டில் பன்னிரண்டு வருஷம் அவர்களோடு சண்டை போட்டு முடித்திருந்த நேரம் அது. தென் வியட்நாமின் போலீஸ் அதிகாரிகளுக்கு இங்கே பயிற்சி கொடுக்கப்பட்டது. அமெரிக்க வீரர்கள் சண்டைக்கு இடையே சில நாள் ஓய்வெடுக்க அனுப்பப்பட்ட ஊர்களின் பட்டியலில் பாங்காக், ஹாங்காங், சிங்கப்பூரோடு பினாங்கும் இருந்தது. காயம்பட்ட அமெரிக்கர்கள் போனது பிலிப்பைன்ஸுக்கும் ஜப்பானுக்கும்.

ஆக ஒரே வாரத்தில், ஒரு பையன் பத்து ஃபிரிங்கி கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்திருப்பான். அதே வயதுப் பையன் ஒருவன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருப்பான். ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

ஆஸ்திரேலியப் படை 1972க்குள் வியட்நாமை விட்டு வெளியேறியது. மருத்துவமனை மறுபடி குடும்ப மருத்துவமனையானது. 1971இல் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டைச் செய்துகொண்டன, அது இன்றும் நடப்பில் இருக்கிறது. 1988இல் ஆஸ்திரேலியர்கள் தளத்தை மலேசிய விமானப்படையிடம் ஒப்படைத்தார்கள். மிராஜ்கள் போயின. தீவிலிருந்த பள்ளிக்கூடம் மூடப்பட்டது. நான்காம் எண் மருத்துவமனையின் காலமும் அதோடு முடிந்தது. ஆஸ்திரேலியர்கள் முழுசாகப் போய்விடவில்லை. ஐந்து நாட்டு வான் தற்காப்புத் தலைமையகம் பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறது. 2014இல் எம்.எச்.370 காணாமல் போனபோது, தேடலில் இறங்கிய ஆஸ்திரேலிய ஓரியன் விமானங்கள் பறந்ததும் இங்கிருந்துதான்.

காயம்பட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் இறந்தவர்கள்? போரின் தொடக்கத்தில், வெளிநாட்டில் இறக்கும் வீரரின் உடலை அரசு செலவில் ஊருக்குக் கொண்டுவரும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் கிடையாது. விழுந்த நாட்டிலோ, அருகிலோ அடக்கம் செய்வார்கள். குடும்பம் பணம் கட்டினால் கொண்டு வரலாம். இதற்கு எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 1966இல்தான் விதி மாறியது. அதற்கு முன் இறந்தவர்களில் சிலர் மலாக்காவுக்குப் பக்கத்தில் உள்ள தெரெண்டாக் ராணுவ முகாமின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அது இயங்குகிற ராணுவ முகாம் என்பதால், அவர்களுடைய பெற்றோர் நினைத்த நேரத்தில் போய் ஒரு பூ வைத்துவிட்டு வர முடியாது.

ஐம்பது வருஷம் கழித்து அந்தக் குடும்பங்கள் கேட்டது நடந்தது. 2016 ஜூன் மாதம், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புதைக்கப்பட்டிருந்த 33 பேரின் உடல் எச்சங்களை ஆஸ்திரேலிய விமானப்படை ஊருக்குக் கொண்டுபோனது. வீரர்கள் மட்டுமல்ல, இங்கே பணியிலிருந்த குடும்பங்களின் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். விமானங்கள் போய் இறங்கியது ரிச்மண்டில். பட்டர்வொர்த்தில் ராத்தங்கிய பையன்களை ஏற்றிச் சென்ற ஹெர்குலிஸ்கள் இறங்கிய அதே தளம்.